அம்மைப்பால் வந்த வழி

பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஆரணி நகரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பெரியம்மையைப்பற்றிய அறிவு எத்தகையதாக இருந்தது, அம்மை குத்தும் வழக்கம் அங்கே எவ்வாறு வந்து சேர்ந்தது என்பவை குறித்துச் சில செய்திகளை இன்று சொல்ல விரும்புகிறேன். 'சுகாதாரப் பிரசாரம்' என்னும் சொற்றொடரை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அறிந்தவர் ஒருவர் மேடைமீது நிற்கிறார். அறியாதவர் பலர் கீழே அமர்ந்திருக்கின்றனர். மேலிருந்து கீழே அறிவு ஊற்றப்படுகிறது. அச் சொற்றொடரைக் கேட்டவுடன் இப்படி ஒரு சித்திரமே மனத்தில் எழுகிறது. கிராமத்தார் நோயின் காரணம் அறியாதவர், ஊசியைக் கண்டு ஓடியவர் என்று எழுதிவைத்த அறிக்கைகளுக்கும் குறைவில்லை. ஆனால், அம்மைப்பாலின் வரலாற்றை அடியிலிருந்து நோக்குவோமானால், அச் சித்திரம் பெரிதும் பிழைபட்டது என்பது புலனாகும். கீழே அமர்ந்திருந்தவர் அறிந்திருந்தவை பல. மேலே நின்றவர் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தவையும் பல.

அந்நாளைய வட ஆர்க்காடு ஜில்லாவில், இந்நாளைய திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்தது ஆரணி. அங்கிருந்து மேற்கே, சவ்வாது மலையின் அடிவாரத்தில், சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய படவேடு இருக்கிறது. அவ்வூர் ரேணுகாம்பாள் கோயிலை அறியாதவர் எங்கள் பக்கத்தில் இலர். சமதக்கினி முனிவரின் மனைவியாகிய ரேணுகையின் கதை பலவிதமாக வழங்குகிறது. அவற்றுள் ஒன்றில், கணவனை இழந்த ரேணுகை தீயில் புகுகிறாள். மழை பெய்து தீ அவிகிறது. உடலெங்கும் கொப்புளங்களோடு வெளிவந்தவள் வேப்பிலையை ஆடையாக உடுத்திக்கொண்டு ஊருக்குள் வருகிறாள். ஊரார் அவளுக்கு மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்து உபசரிக்கின்றனர். அவளே மாரியம்மன் ஆனாள் என்பர். கொப்புளமும் வேப்பிலையும் குளிர்ந்த உணவும் இக் கதையில் ஒன்றுசேர்ந்து நிற்பதைக் கவனிக்கவேண்டும். பக்திக் கதை என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. அம்மை கண்ட வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பதை எழுத்தறியாதவரும் மறவாதிருக்கும்படி சொல்லிவைத்த முறையும் இதுவேயாகும்.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள்? முதலில், வாயிற்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். அதைக் கண்டவர் உள்ளே நுழையமாட்டார். வெளியூர் உறவினரும் திண்ணையோடு திரும்பிவிடுவர். 'நோய்' என்று சொல்லுவதில்லை. 'அம்மை வார்த்திருக்கிறது', 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்பார்கள். கொப்புளங்களை 'முத்து' என்பார்கள். அடுப்பில் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை. கூழும் இளநீரும் மோருமே உணவு. நோயாளியைத் தனியிடத்தில் வேப்பிலை பரப்பிக் கிடத்தி, வேப்பங்கொழுந்தால் தடவிக் கொடுப்பர். முன்னரே அம்மை வார்த்து எழுந்த ஒருத்தியே அருகில் இருந்து பார்த்துக்கொள்வாள். முத்து உதிர்ந்தபின், மஞ்சளும் வேப்பிலையும் இட்ட வெந்நீரைத் தலைக்கு ஊற்றிய பிறகே வீடு திறக்கும்.

இவற்றில் மருத்துவ நூலோர் இன்று ஏற்பவை எவை? தனிமைப்படுத்தல் சரி, நீர்ச்சத்துள்ள உணவு சரி, தூய்மை சரி. ஒருமுறை வார்த்தவருக்கு மறுமுறை வாராது என்ற உண்மையை, நோய்த் தடுப்பாற்றல் என்னும் சொல் தோன்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே எங்கள் பாட்டிமார் அறிந்திருந்தனர். பணிவிடைக்கு யாரை அமர்த்துவது என்பதை அதைக் கொண்டே முடிவுசெய்தனர். கடுகம்மை, மிளகம்மை, கொள்ளம்மை, பனையம்மை என்று முத்தின் உருவம் பார்த்து வகை பிரித்த சித்த வைத்திய மரபும் நம்மிடம் இருந்தது. தவறுகளும் உண்டு. நோயாளியின் துணியை வெளுக்கப் போட்டதனால் வெளுப்பவர் குடும்பத்துக்கு நோய் பரவியது. வேண்டுதலுக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனவர்களும் இருந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, இம் முறைகள் எவையும் வந்த நோயைத் தணிக்க முயன்றனவேயன்றி வராமற் காக்கவில்லை. காப்புப் பெறாதவர்களில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேரைப் பெரியம்மை கொன்றது. பிழைத்தவர் முகத்தில் வடுவை விட்டுச்சென்றது. சிலர் கண்ணையும் பறித்தது. பழைய முறையைப் போற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

வராமற் காக்கும் வழி எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு கிராமத்திலிருந்துதான் வந்தது. இங்கிலாந்தில், பால் கறக்கும் பெண்களின் கையில் மாட்டம்மைக் கொப்புளம் தோன்றி மறைந்தால் அவர்களுக்குப் பெரியம்மை வாராது என்ற நம்பிக்கை பண்ணையாட்களிடையே வழங்கியது. பெஞ்சமின் ஜெஸ்டி என்ற குடியானவர் 1774ஆம் ஆண்டில், மாட்டின் மடியிலிருந்த கொப்புளத்து நீரை எடுத்துத் தம் மனைவிக்கும் இரு மைந்தர்களுக்கும் கீறி வைத்தார். அவர் வைத்தியரல்லர், ஏடு எழுதியவருமல்லர். எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர் 1796 மே 14ஆம் நாள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவ்வாறே வைத்துச் சோதித்து, 1798இல் நூல் வெளியிட்டார். ஜென்னரின் பெருமையை நான் குறைத்துக் கூறவில்லை. ஊரார் பேச்சைச் செவிமடுத்துச் சோதித்துப் பார்த்ததே அவர் பெருமை. வாக்கா என்ற இலத்தீன் சொல்லுக்குப் பசு என்று பொருள். வாக்சின் என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. தமிழ் மக்கள் அதனைத் தாமாகவே 'அம்மைப்பால்' என்றனர்.

அந்த அம்மைப்பால் பாக்தாது, பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14ஆம் நாள், அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு அது வெற்றிகரமாக வைக்கப்பட்டது. அக்காலத்தில் அதனைப் புட்டியில் அடைத்து நெடுந்தொலைவு அனுப்பும் வகை இல்லை. நூலில் தோய்த்து உலர்த்தி அனுப்பினால் நம் வெயிலில் வலுவிழந்துவிடும். ஆகவே, ஒரு குழந்தையின் கையில் கொப்புளம் பழுத்ததும் அதன் நீரை அடுத்த குழந்தையின் கைக்கு மாற்றி, கைக்குக் கையாகவே ஊர் கடத்தினர். சென்னைக்கும் அது அவ்வாண்டே வந்து, இங்கிருந்து கப்பலில் சிறுவர்களின் கைவழியாகக் கல்கத்தாவுக்குச் சென்றது. அப்போது சென்னையில் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். பட்டு நெய்யும் ஊரான் என்ற முறையில் இவரைப்பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சென்னை இராச்சியமெங்கும் முசுக்கட்டைச் செடி நட்டுப் பட்டுப்பூச்சி வளர்க்கவேண்டும் என்று 1790களில் ஓயாமல் கடிதம் எழுதிக் கன்று அனுப்பிக்கொண்டிருந்தவர் இவரே. அம் முயற்சி நிலைக்கவில்லை. ஆரணிப் பட்டுக்கு அவர் தந்தை அல்லர். அம்மைப்பால் மட்டும் நிலைத்தது.

நிலைத்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அது எளிதில் நடக்கவில்லை. சென்னையில் கம்பெனி அரசாங்கம் அதற்குச் சற்று முன்னர்தான் மனித அம்மையின் சீழையே எடுத்துக் குத்தும் பழைய முறையைப் பரப்பிப் பார்த்திருந்தது. அது வங்காளத்தைப்போல நம் பக்கத்தில் வேரூன்றிய வழக்கமன்று; அதனால் சிலருக்கு நோயே வந்ததும் உண்டு. அந்த அச்சம் ஆறுமுன்னே புது முறை வந்தது. சுவாமி நாயக்கர் போன்ற நம் நாட்டு மருத்துவப் பணியாளர்கள் தெருத் தெருவாகச் சென்று குத்தினர். இருந்தும் மக்கள் தயங்கினர். ஏன் தயங்கினர் என்று ஆராயப் புகுந்த வெள்ளை அதிகாரிகள் பலரும் ஒரே விடையைக் கண்டனர். இந்துக்கள் சாத்திரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். சாத்திரத்தில் இல்லாததை ஏற்கமாட்டார்கள் என்பதே அவ்விடை. அப்படியானால் சாத்திரத்தில் இருக்கும்படி செய்துவிட்டால் என்ன?

இவ்விடத்தில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் வருகிறார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவர். தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே சான்று காட்டி எழுதியவர். சென்னையின் கலெக்டராக இருந்தவர். தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது அவர் நகரில் 27 கிணறுகள் வெட்டுவித்ததையும், அதற்குக் குறளை மேற்கோள் காட்டியதையும், இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலருகே 1818இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. இத்தகைய தமிழ்ப் பற்றாளர், அம்மைப்பாலை மக்கள் ஏற்கும்பொருட்டுத் தமிழ் உரைநடையில் ஒரு கதை இயற்றினார். அதில் சக்தியும் தேவ வைத்தியராகிய தன்வந்திரியும் உரையாடுகின்றனர். பசு தரும் ஐந்து புனிதப் பொருள்களோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு கொடையாக மாட்டம்மை சித்திரிக்கப்படுகிறது. பழைய புராணம் போன்ற தோற்றம்; பொருளோ ஜென்னருடையது.

கதை அதோடு நிற்கவில்லை. 1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. கல்வியை விரும்புகிறவன் எனப் பொருள்படும் ஒரு தமிழ்ப் புனைபெயரில் எழுதியவர், பசுவின் மடியிலுள்ள கொப்புளத்து நீரைக் கையில் கீறி வைக்கும் முறை தன்வந்திரி பெயரிலுள்ள வடமொழி நூலிலேயே இருக்கிறதென்று சுலோகத்தோடு எடுத்துக் காட்டினார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் எல்லிஸ் இராமநாதபுரத்தில் மறைந்தார். சுலோகம் மறையவில்லை. ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குத் தாவி, ஐரோப்பாவுக்கும் சென்றது. கிண்டியில் அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே எழுந்த கிங் நிலையத்தை 1905இல் கவர்னர் ஆம்ப்டில் பிரபு திறந்துவைத்தபோது, அம்மை குத்தும் முறையை முற்காலத்து இந்தியர் அறிந்திருக்கக்கூடும் என்று கர்னல் கிங் தமக்கு உறுதி கூறியதாகப் பேசினார். அந்தப் பேச்சு பின்னர் நம் நாட்டுப் பழம்பெருமை பாடுவோர்க்குச் சான்றாயிற்று! ஊராரை நம்பவைக்க வெள்ளையர் ஆட்சியின்கீழ் புனைந்தது, சுற்றி வந்து வெள்ளையர் வாயாலேயே வரலாறாகப் பேசப்பட்ட விந்தையை என்னென்பது! டொமினிக் வுயாஸ்டிக் என்னும் வடமொழி மருத்துவ நூல் ஆராய்ச்சியாளர் 1980களில் இதனைத் துருவி ஆராய்ந்து, அச் சுலோகம் பழைய நூல் எதிலும் காணப்படாத, நல்லெண்ணத்தால் எழுந்த புரட்டு என்று நிறுவினார். எல்லிஸின் தமிழ்க் கதைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டென்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய்தானே, அதனால் என்ன கேடு என்று சிலர் வினவுவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரும் கேளாத கேள்விக்கு அது விடையாக அமைந்தது என்பது முதற் குறை. எங்கள் தெரு நெசவாளி தன்வந்திரியின் நூலைப் படித்துவிட்டா கையை நீட்ட மறுத்தான்? உண்மையான பழங்கதை ஒன்று படவேட்டில் வழங்கி வந்தது, அது ஊராருடையது, அதில் அனுபவம் இருந்தது. புனைந்த கதையில் அனுபவம் இல்லை. இரண்டாவது குறை இன்னும் பெரிது. ஒருவருடைய நம்பிக்கையைக் கருவியாகக் கொண்டு அவரை வளைக்கலாம் என்று எண்ணுகிறவர், அவரிடம் காரணம் கேட்கத் தேவையில்லை என்றும் எண்ணிவிடுகிறார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, கைத்தொலைபேசிகளில் பரவிய வதந்தியைக் கேட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடவேண்டாம் என்றனர்; இயக்கத்தின் நாள்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. யார் எழுதியது என்று தெரியாத ஒரு செய்தியை, நன்மைக்கு என்றால் நம்பலாம், தீமைக்கு என்றால் நம்பலாகாது என்று ஊராருக்கு எப்படிக் கற்பிப்பது?

மக்கள் மறுத்ததன் மெய்யான காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. கைக்குக் கை மாற்றும் முறையில், எட்டாம் நாள் கொப்புளத்தைக் கீறி நீரெடுக்கத் தாய் சம்மதிக்கவேண்டும். தன் குழந்தையின் காயத்தை மீண்டும் கீறவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்? முன்பின் தெரியாத வீட்டுக் குழந்தையின் உடலிலிருந்து எடுத்ததைத் தன் குழந்தைக்கு வைப்பதிலும் அச்சம் இருந்தது. சாதியும் அதில் கலந்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அச்சம் முழுவதும் வீண் அன்று. 1861இல் இத்தாலி நாட்டு ரிவால்ட்டா என்னும் ஊரில் இதே முறையினால் குழந்தைகள் பலருக்கு மேகநோய் தொற்றியது. கிங் துரை கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறையைச் சென்னை இராச்சியத்தில் நிலைநாட்டிய பிறகே அந்தப் பயம் நீங்கியது.

அடுத்தது வெயில். கிண்டியிலிருந்து புறப்பட்ட அம்மைப்பால் கோடைக்காலத்தில் ஊர் வந்து சேர்வதற்குள் செத்துவிடும். குத்துபவர் அதனை அறியார், அல்லது அறிந்தும் குத்துவார். ஏனெனில் அவரிடம் கேட்கப்பட்ட கணக்கு எத்தனை கை என்பதே. குத்திக்கொண்டவனுக்கும் அடுத்த தைமாதத்தில் அம்மை வார்த்தது. 'குத்தியும் வந்ததே!' என்று ஊரார் சொன்னபோது அதனை மூடநம்பிக்கை என்று எழுதிக்கொண்டார்கள். கண்ணால் கண்டு சொன்ன சாட்சியம் அது.

மூன்றாவது, வலி. 1950களின் இறுதியில் நான் பள்ளிச் சிறுவன். அம்மை குத்துபவர் தோல் பையோடு தெருமுனையில் தென்பட்டால் எங்கள் தெருவில் தறிகளின் ஓசை ஒவ்வொன்றாக அடங்கும். பிள்ளைகளைத் தறிக்குழிக்குள் இறக்கி, மேலே பாவை மறைப்பாகக் கொண்டு ஒளித்துவைப்பார்கள். நானும் என் தம்பியும் அவ்வாறு குழிக்குள் மூச்சடக்கி உட்கார்ந்ததுண்டு. அவர் பையில் இருந்த கருவி ஒரு சிறு கைப்பிடி. நுனியில் பல் வைத்த வட்டு. தோலில் அழுத்தித் திருகினால் வட்டமாக இரத்தம் கசியும். இப்படி இரண்டு அல்லது நான்கு இடங்களில் திருகுவார். பிறகு காய்ச்சல், நெறி, கைவீக்கம். இன்று 50 வயதைக் கடந்தவர்களிடம் காணும் காசு அளவான தழும்பு அதன் அடையாளம். (இளைஞர் தோளில் இருப்பது காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. தழும்பு, இரண்டையும் ஒன்றெனச் சொல்வோர் பலர்.)

பிள்ளைகளுக்காவது போகட்டும், வீட்டில் நெய்கிறவருக்கும் மறுமுறை குத்தவேண்டும் என்பார்கள். அதில்தான் தகராறு. நெசவாளிக்கு நெய்தால்தான் கூலி. கை வீங்கினால் நாடா ஓடாது. நாடா ஓடாவிட்டால் முதலாளி வீட்டுக்குச் சேலை போகாது. வாங்கிய முன்பணம் கடனாக நிற்கும். ஒரு வாரம் தறி நிற்பதன் பொருள் என்ன என்பதைச் சுகாதார விளம்பரத் தாள் எழுதியவர் எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்கு வந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர் எண்ணிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. அவர் அமாவாசைக்கு முதல்நாள் மாலையில் வந்து, இடக்கையில் குத்திவிட்டுப் போவார். எட்டாம் நாள் மீண்டும் வந்து ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்ப்பார். 'பிடிக்கவில்லை அம்மா, மருந்தில் வலுவில்லை, வேறு கொண்டுவருகிறேன்' என்று உள்ளதைச் சொல்லுவார். மருந்து பழுதென்று அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரே வாய்விட்டுச் சொன்னதைக் கேட்ட என் பாட்டி, அதற்குப்பின் அவருக்கு முன்னால் எங்களை ஒளிக்கவில்லை. பிரசாரத்தால் ஆகாதது அந்த ஒரு சொல்லால் ஆயிற்று.

மீண்டும் வருதல் என்பது சிறிய செய்தியன்று. வேலூரில் மருத்துவமனை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909 முதல் மோட்டார் வண்டியில் குடியாத்தம் சாலையில் சென்று மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். இன்ன கிழமை இன்ன மரத்தடியில் டாக்டரம்மா வருவார் என்று ஊரார் எதிர்பார்த்து நின்றனர். மருந்தைவிட அந்தக் கிழமைதான் அவர்களை வரவழைத்தது என்பது என் எண்ணம்.

சட்டமும் விஞ்ஞானமும் பின்னர் விரைந்தன. சென்னை மாகாணம் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது; இந்தியாவில் அத்தகைய முழுமையான சட்டம் அதுவே முதலாவது. 1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அம்மைப்பாலை உறைய வைத்து உலர்த்தித் தூளாக்கும் முறை வந்ததும் வெயிலின் வலிமை ஒழிந்தது. கிண்டி நிலையமும் அதனைத் தயாரித்தது. திருகு வட்டுக்குப் பதிலாகக் கவைபோல் இருமுனை கொண்ட சிறு ஊசி வந்தது. ஒரு துளி மருந்து, பதினைந்து இலேசான குத்து, அவ்வளவே. ஊரார் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்த குறைகளில் இரண்டு இவ்வாறு தீர்ந்தன. எதிர்ப்பும் பெருமளவு தணிந்தது. அவர்கள் அறிவு திடீரென்று வளர்ந்ததாக இதற்குப் பொருள் கொள்வார் உளரோ?

இருந்தும் நோய் ஒழியவில்லை. எல்லோருக்கும் குத்திவிட்டால் ஒழியும் என்ற கணக்கு, மக்கள் நெருங்கி வாழும் நாட்டில் பலிக்கவில்லை. அப்போது வேறொரு வழி கையாளப்பட்டது. நோய் கண்ட வீட்டை உடனே கண்டுபிடித்து, அவ்வீட்டையும் அண்டை அயலையும் வளையமாகச் சூழ்ந்து குத்துவது என்பதே அது. மனிதரையன்றி வேறு உயிரில் பெரியம்மைக் கிருமி தங்குவதில்லை. தொற்றியபின் நோய் வெளிப்பட ஏறத்தாழ 12 நாள் ஆகிறது. அதற்குள் வளையத்தைக் கட்டிவிட்டால் கிருமி போக இடமின்றி அழியும். தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்திலேயே நோய் அடங்கிவிட்டது. வடக்கே 1974இல் பீகாரில் பெருங்கொள்ளையாகப் பரவியபோது, இவ்வழியே அதனை அடக்கியது.

ஆனால் நோய் கண்ட வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவமனைப் பதிவேட்டில் அது இராது. அம்மை வார்த்த பிள்ளையை யாரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில்லை. 1973 முதல் ஆயிரக்கணக்கான பணியாளர் நாடெங்கும் வீடு வீடாகச் சென்றனர். அவர்கள் கையில் ஊசி மட்டும் இல்லை. அம்மை கண்ட குழந்தையின் வண்ணப் படம் பொறித்த அட்டை ஒன்றும் இருந்தது. சந்தையில், பள்ளிக்கூடத்தில், தேநீர்க் கடையில் அதைக் காட்டி, 'இப்படி ஒரு பிள்ளையை எங்காவது பார்த்தீர்களா?' என்று கேட்டனர். இது பெரியம்மையா சின்னம்மையா என்று பிரித்துச் சொல்ல ஊரார்க்குத் தெரியும். முகத்திலும் கைகாலிலும் அடர்ந்து, எல்லா முத்தும் ஒரே பருவத்தில் இருந்தால் பெரியம்மை. உடம்பில் அதிகமாகி, ஒன்று அரும்ப ஒன்று வாடினால் சின்னம்மை. எந்த ஊரில் எந்த உறவினர் வீட்டுக்குப் போய்வந்த பிறகு வார்த்தது என்பதும் தெரியும். மேடைமீது நின்றவர் கீழே இறங்கி வந்து கேள்வி கேட்டார். கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் விடை சொன்னார்கள். எங்கள் பக்கத்திலோ அவ்வளவு தேட்டமும் வேண்டியதில்லை. நான் முன்னே சொன்ன ஆய்வாளர் தெருவில் நடக்கும்போது முகங்களைப் பார்க்கமாட்டார், வாயிற்படிகளைப் பார்ப்பார். வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, திண்ணையிலேயே உட்கார்ந்து, 'எத்தனையாவது தண்ணீர்?' என்று விசாரிப்பார். மூடநம்பிக்கையின் சின்னம் என்று மற்றவர் பழித்த அந்தக் கொத்து அவருக்கு அறிவிப்புப் பலகையாக இருந்தது.

1975 மே 24ஆம் நாள் அஸ்ஸாமில் கரீம்கஞ்சு இரயில் நிலையத்தில் பெண் ஒருத்திக்குக் கண்டதே இந்தியாவின் கடைசிப் பெரியம்மை. அதன்பின்னும் இரண்டாண்டுக் காலம் தேடினார்கள். புதிதாக ஒரு நோயாளியைக் காட்டிக் கொடுப்பவருக்குப் பரிசு என்று சுவர்தோறும் எழுதினார்கள். 50 ரூபாய், 100 ரூபாய் என்றிருந்த பரிசு படிப்படியாக உயர்ந்து 1000 ரூபாய் ஆயிற்று. நல்ல பட்டுச் சேலை நெய்து முடிக்கும் கைக்கு அந்நாளில் பல மாதக் கூலி அது. ஊர் ஊராகச் சின்னம்மை கண்ட பிள்ளைகளைக் காட்டி வந்தவர் பலர். அந்த 1000 ரூபாயை வாங்கத் தக்கவர் ஒருவர்கூட வரவில்லை.